தொலைநோக்கி திரும்பும் பக்கம்

அவள் குழலில் கண்ணை வைத்தாள்.

முதலில் ஒன்றும் புலப்படவில்லை. பிறகு ஓர் ஊதாச் சுவர் கண்ணுக்குள் வந்து நின்றது.

அவளுடைய வீடு.

இத்தனை அருகில் தெரியும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. வாசலில் கவிழ்த்து வைத்த குடம். அதன் நசுங்கல். கொடியில் மருமகளின் மஞ்சள் நைட்டி. அதில் ஒரு பொத்தான் இல்லாததுகூடத் தெரிந்தது.

“நல்லா தெரியுதுங்களாம்மா?” தொலைநோக்கிக்காரன் பரிவுடன்தான் கேட்டான். சமவெளியிலிருந்து வேலைக்கு வந்தவன். இவள் யாரென்று அவனுக்குத் தெரிய வழியில்லை. “அதான் கலர் வீடுங்க. நீங்க காலைல வந்துருக்கணும். அந்த ஊதா வீட்டுக்குப் பக்கத்துல ஒரு அம்மா சேலையத் தலைக்கு மேல விரிச்சுப் புடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கும். அசையாது. போட்டோவுக்குன்னே நிக்குமோ என்னமோ! அதப் பாக்கன்னே ஒரு கூட்டம் வருதுங்க.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அவள் குழலைச் சற்றே நகர்த்தினாள்.

குளியலறை. கல்லால் எழுப்பிய நான்கு அரைச்சுவர்கள்.

கூரை இல்லை.

முன்பு இருந்தது. தகரக் கூரை. இந்தப் பார்வை மேடையைக் கட்டி முடித்ததும் அதிகாரிகள் கீழே இறங்கி வந்தார்கள். மிகவும் மரியாதையாகவே பேசினார்கள். துருப்பிடித்த தகரம் மேலிருந்து எடுக்கும் படங்களில் விழுகிறது என்றார்கள். கழற்றிக்கொண்டு போனார்கள். பதிலுக்குச் சிவப்பு ஓடு வரும் என்றார்கள். வீட்டுக்கு வண்ணமும் அடித்துக் கொடுத்தார்கள்.

மேடையைப் பார்த்த சுவருக்கு மட்டும்.

ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. அவள் நீலத் தார்ப்பாய் ஒன்றை வாங்கிக் கட்டினாள். அதையும் வந்து அவிழ்த்தார்கள். அப்போதும் மரியாதையாகவே.

“ஓடு வரும்மா. கொஞ்சம் பொறுத்துக்கங்க.”

அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். இருட்டோடு எழுந்து குளித்து அவளுக்குப் பழகிவிட்டது. ஆனால் வைகாசியில் மகனுக்குத் திருமணமாயிற்று. வந்த மூன்றாம் நாள், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிமிர்ந்த மருமகள், மேடைக் கம்பியோரம் வரிசையாகத் தலைகளைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்துதான் இந்தச் சேலை. மருமகள் உள்ளே குளிப்பாள். இவள் கல்லின்மேல் ஏறி நின்று, சேலையை விரித்துப் பிடித்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று மருமகள் சொல்லியிருந்தாள். திரும்பி வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் ஓடு வந்துவிடும், போய்விடாதே என்று இவள் நான்கைந்து முறை கெஞ்சிவிட்டாள்.

அவள் குழலிலிருந்து கண்ணை எடுத்தாள்.

கோபம் வந்தால் அவளுக்குக் குரல் தணிந்துவிடும்.

“இது எந்தப் பக்கமெல்லாம் திரும்பும் தம்பி?”

“சுத்தியும் திரும்பும்மா. காசு குடுத்துருக்கீங்க, எங்க வேணா பாருங்க.”

மேடைக்குப் பின்னால், மேட்டின்மேல், கண்ணாடி விடுதி இருந்தது. பள்ளத்தாக்கைப் பார்த்தபடியே குளிக்கலாம் என்று மலைப்பாதை நெடுகிலும் பலகை வைத்திருந்தார்கள். அங்கே குளியலறைக்குச் சுவரே கண்ணாடிதான். அவ்வளவு உயரத்தில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அதைக் கட்டியவர்கள் எண்ணியிருக்க வேண்டும்.

அவள் குழலைத் திருப்பினாள். மேலே தூக்கினாள்.

வெள்ளைத் தொட்டி. நுரை. வழுக்கைத் தலையுடன் ஒரு பெரியவர், கண்களை மூடி ஏதோ பாடிக்கொண்டிருந்தார்.

அவள் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட கூச்சம் அவளுக்கு இருந்தது. இங்கே நின்று பார்த்த யாருக்கும் அது வந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் குழலை அவள் பழைய இடத்துக்குத் திருப்பவில்லை.

“அப்படியே பாருங்க சார்,” என்று வரிசையில் அடுத்திருந்தவருக்கு வழிவிட்டாள். “நல்லா தெரியுது.”

படியிறங்கும்போது பின்னால் சிரிப்பு வெடித்தது.

“டேய், இங்க வாங்கடா! ஆளு முதுகு தேய்க்கிறான்டா!”

மறுநாள் காலை அவள் வழக்கம்போலக் கல்லின்மேல் நின்றிருந்தாள். கைகள் தலைக்கு மேலே. சேலைக்கு அடியில் தண்ணீர் ஊற்றும் சத்தம்.

மலைப்பாதையில் ஒரு சரக்கு வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“வண்டி வருதே அத்தே. ஓடு வந்துருச்சா?”

வண்டி கீழே இறங்கும் பாதைக்குத் திரும்பவில்லை. மேடையருகே நின்றது. அதிகாரிகளில் ஒருவர் இறங்கினார். கூட வந்தவன் தொலைநோக்கியின் காலடியில் குந்தி உட்கார்ந்தான்.

நீலப் பொறி பறந்தது.

ஒரு வருடமாகக் கேட்ட கூரை ஓட்டுக்கு ஆள் வரவில்லை. இதற்கு விடிந்ததும் வந்துவிட்டார்கள்.

பொறி அடங்கியதும் அதிகாரி குழலைப் பிடித்து விடுதிப் பக்கமாகத் திருப்பினார். பாதியில் இடித்து நின்றது. இன்னொரு முறை திருப்பினார். நின்றது.

பிறகு இந்தப் பக்கம் திருப்பினார். தடையில்லாமல் வந்தது.

குனிந்து கண்ணை வைத்தார்.

அவள் சேலையை இன்னும் உயர்த்தினாள்.

மேலே மறுபடியும் பொறி பறந்தது. மருமகள் சேலையை விலக்கி, அரைச்சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“என்னத்தே அது, பளிச்சு பளிச்சுனு?”

“இரும்பு பத்த வைக்கிறாங்க. நீ அங்க பாக்காத அருள்சீலி. கண்ணுக்கு ஆகாது.”

தண்ணீர் ஊற்றும் சத்தம் மீண்டும் கேட்டது. முன்னைவிட வேகமாக.

சிறிது நேரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று மருமகளிடம் அவளே கேட்டாள்.