விடுதிப் பலகையில் ஒரு பெயர்

திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தின் கட்டடப் பிரிவில் கிளாட்வினும் சாம்ராஜும் உதவிப் பொறியாளர்கள். புதிய மாணவியர் விடுதியின் முகப்புப் பலகையில் சாம்ராஜின் பெயர் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து கிளாட்வினுக்கு வயிறு எரிந்தது. நேரே செயற்பொறியாளர் ஷோபாவிடம் போய் நின்றார்.

"மேடம், டெண்டர் விட்ட நாள்லேர்ந்து காண்ட்ராக்டரோட மல்லுக்கட்டிக்கினு கெடந்தவன் நான். பேரு மட்டும் அவனுக்கா?"

"புது ரூல் வந்திருக்குதே, சர்க்குலர் படிச்சீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு மேடம்? எம் பேரு இருக்கணும், அவ்ளோதான்."

"சரி, எழுதிக் குடுங்க," என்று சிரித்தார் ஷோபா.

திறப்பு விழாவுக்குச் சித்தூரிலிருந்து மகள் லீனாவைப் பெருமையோடு அழைத்து வந்தார் கிளாட்வின். திரை விலகியது. தெலுங்கில் இருந்த பலகையை லீனா தமிழில் உரக்கப் படித்துக் காட்டினாள்.

"பொறுப்புப் பொறியாளர் கிளாட்வின்! நைனா, உன் செல் நம்பர்கூட இருக்குது! 'ரெண்டு வருஷத்துக்குள்ள கூரை ஒழுகினாலோ, குழாய் அடைச்சாலோ, எந்த நேரமானாலும் இவரைக் கூப்பிடவும்.'"

சாம்ராஜ் ஓடி வந்து கிளாட்வினின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"எம் பேரு போடப்போறாங்கன்னு ஒரு வாரமா சோறே எறங்கலண்ணா. கர்த்தர் உன்னை அனுப்பித்தான் என்னைக் காப்பாத்தினாரு!"