ஓடுபாதைக் காற்று

“நிக்கோல் தப்பிச்சுட்டா. இனிமே பயமில்லை” என்றபடி ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்தார் டாக்டர் சீனிவாசராகவன்.

கில்பர்ட் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதான். அவன் மனைவி குளோரியாவோ சுவரோடு ஒட்டி நின்றாள். மகளைக் காப்பாற்றியவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தான் தாமதமாக வந்ததில் அவளுக்குக் கோபம் என்று டாக்டர் நினைத்தார். ஆறு வயதுக் குழந்தையின் இதயத்தில் இந்த ஆபரேஷனைச் செய்ய பொம்மனஹள்ளியின் அந்த ஆஸ்பத்திரியில் அவரை விட்டால் ஆள் இல்லை. நேற்று அவர் கோவையில் ஒரு கருத்தரங்கில் இருந்தார். தகவல் வந்ததும் கிடைத்த விமானத்தில் ஏறினார். அதுவோ பெங்களூரில் இறங்காமல் சென்னைக்குப் போய்விட்டது. அங்கிருந்து கார் பிடித்து, ஓசூர் ரோடு நெரிசலையும் தாண்டி அவர் வந்து சேர்வதற்குள் குழந்தை போய்விடுவாளோ என்றாகிவிட்டது.

“மன்னிச்சுக்கோம்மா. ரன்வே கண்ணுக்குத் தெரிஞ்சுது. அந்த நேரத்துல சடார்னு மேலே தூக்கிட்டாங்க. உங்க பொண்ணை நினைச்சு, சென்னையில இறங்கினதும் பைலட்கிட்டயே சண்டை போட்டேன்.”

“அவர் என்ன சொன்னார் டாக்டர்?” குளோரியா முதல்முறையாக வாய் திறந்தாள்.

“ரன்வேக்கு முன்னாடி மேகத்துலேருந்து காத்து அருவி மாதிரி கொட்டிட்டிருந்துதாம். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாதாம். ஏர்போர்ட் வானிலை ரேடார்ல பார்த்து கன்ட்ரோல் டவருக்குச் சொல்லியிருக்காங்க. ‘அவங்க சொல்லலேன்னா நம்மளைத் தரையில அடிச்சிருக்கும் சார்’னார். உடனே அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். ஃப்ளைட் நிறைய ஜனங்கம்மா, கைக்குழந்தைகூட இருந்துது. அந்தப் புண்ணியவான் யாரோ, நன்னா இருக்கணும். அவரால நான் உயிரோட இருக்கேன், உங்க பொண்ணும் இருக்கா.”

குளோரியா முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் பீறிட்டு வந்தது.

“என்னம்மா இது? அதான் பிழைச்சுட்டாளே!”

கில்பர்ட் குனிந்து மனைவியின் தோளை அணைத்துக்கொண்டான்.

“நேத்து ஏர்போர்ட்ல அந்த ரேடார் ட்யூட்டியில இருந்தது இவதான் டாக்டர். நீங்க அந்த ஃப்ளைட்லதான் வர்றீங்கன்னு நான் போன்ல சொல்லியிருந்தேன்.”