லெஃப்ட் ஹேண்ட் மேடம்

"நம்ம கம்ப்யூட்டர்ல வேற யாரோ உட்கார்ந்திருக்காங்க" என்றாள் அவள்.

சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த கணவன் குழாயை மூடினான். யாரும் வரவில்லை, நானே தெரியாமல் எதையாவது அழுத்தித் தொலைத்திருப்பேன் என்று கடகடவென்று சொன்னான். பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உண்மை பேசும்போது அவன் இவ்வளவு அவசரப்பட மாட்டான்.

இருவருக்கும் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் குரலாகப் படித்துச் சொல்லும். அந்தக் குரலை வேலை வாங்குவதெல்லாம் விசைகளைக் கொண்டுதான். எந்த விசை எங்கே என்பது விரல்களுக்கு அத்துப்படி. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைத் தட்டச்சு செய்கிறவள் அவள். இன்று அரை நாளிலேயே கிளம்பி, மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு அடங்குவதற்குள் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விரலை வைத்தால் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது.

அம்பு விசைகளின் வேலை இடப்பக்கத்து எழுத்துகளுக்குப் போயிருந்தது. என்டரின் வேலையை டேப்புக்கு மேலே இருந்த சின்ன விசை செய்தது. ஸ்பேஸை அழுத்திப் பிடித்தால் வலப்பக்கத்து எழுத்துகளெல்லாம் இடப்பக்கத்து விசைகளிலேயே வந்து விழுந்தன. ஐந்து நிமிடம் துழாவியதில் விஷயம் புரிந்தது. மொத்தக் கீபோர்டும் இடது கைக்குள் அடங்கிவிட்டது. அவளும் வலக்கைக்காரி, அவனும் வலக்கைக்காரன்.

அப்படியென்றால் அந்த ஃபோன்காரிதான்.

மூன்று வாரமாக நடக்கிறது. இவள் குளிக்கப் போனால் போதும், அவன் பால்கனிக்குப் போய்விடுவான். கதவைச் சாத்திக்கொண்டால் மட்டும் இவளுக்குக் கேட்காதா என்ன? அந்தப் பெண்ணுக்கும் பார்வை இல்லை என்பதும், அவளுடைய கம்ப்யூட்டர் வேறு சிஸ்டம் என்பதும் பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

"உங்க சிஸ்டத்துல ரெண்டு விசை சேர்த்து அழுத்தறீங்க, எங்களோடதுல ஒண்ணுதான். அதை எங்க வைக்கலாம்?" என்று ஒருநாள் கேட்டான். இன்னொரு நாள், "உங்க வேகம் யாருக்குங்க வரும்? இன்னொரு தடவை அடிங்க, கேட்கறேன்" என்றான். அன்றைக்கு இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

விசை மாற்றித் தருவதெல்லாம் வேறு யாருக்காவது சாதாரண வேலையாக இருக்கலாம். இவளுக்கு அப்படியில்லை. எட்டு வருடம் முன்பு பயிற்சி மையத்தில் அவளுடைய சுண்டுவிரல் குரலை இயக்கும் இன்சர்ட் விசைக்கு எட்டாமல் திண்டாடியபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதன் வேலையைக் கேப்ஸ் லாக்குக்கு மாற்றிக் கொடுத்தவன் அவன். மற்றவர்கள் கேட்டபோது, பாடத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள் என்றான். அந்த ஒரு விசையில் விழுந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

போன மாதம் வேலையை விடவேண்டி வருமே என்று அவள் அழுதபோது, பார்த்துக்கலாம் என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டான். ஊர் பேர் தெரியாத இடக்கைக்காரிக்கு மட்டும் மணிக்கணக்கில் நேரம் இருக்கிறது. இப்போது நம் சிஸ்டத்தையே அவள் கைக்குத் தகுந்தபடி திருத்தி, அவளைக் கூட்டிவந்து உட்கார வைத்துப் பழக்குகிறான். நினைக்க நினைக்க அழுகை வந்தது. இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது.

"யாருக்கு மாத்தினீங்க?" என்றாள்.

அவன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். இரண்டு நாள் பொறுத்துக்கொள், எல்லாம் சொல்கிறேன் என்றான். இரண்டு நாளில் என்ன, அவள் பெட்டி படுக்கையோடு வந்துவிடுவாளா என்று இவள் கேட்டதற்கு அவனுக்குச் சிரிப்பு வேறு வந்தது.

அந்த நேரம் பார்த்து மேசைமேல் இருந்த அவனுடைய ஃபோன் அடித்தது. வழக்கம்போல, கூப்பிடுவது யார் என்று அதுவே சத்தமாகச் சொன்னது: லெஃப்ட் ஹேண்ட் மேடம்.

அவன் தடுமாறி ஓடி வருவதற்குள் இவள் எடுத்துவிட்டாள்.

"நான் அவரோட மனைவி பேசறேன். என் இடம் உங்களுக்கு வசதியா இருந்துச்சா?"

தான் இருப்பது வேறு ஊர் என்றும், அவர்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை என்றும் அந்தப் பெண் சொன்னாள். ரகசியம் பேசுவதுபோல் குரல் தணிந்திருந்தது. அதுவும் இவளுக்குப் பிடிக்கவில்லை.

"இடக்கைக்காரிக்கு எங்க வீட்டு வலக்கைக்காரர்கிட்ட தினமும் என்ன பேச்சு?"

"நானும் வலக்கைதாங்க" என்றாள் அவள். "வலது கைல என் பொண்ணு இருக்கா. இப்பதான் பால் குடிச்சுட்டுத் தூங்கறா, அதான் மெதுவாப் பேசறேன். இவ பிறந்ததுலேர்ந்து நான் இடது கையாலேயேதான் வேலை பார்க்கறேன். உங்க சிஸ்டத்துலயும் அதே மாதிரி பண்ணி, நீங்க வேலையை விடறதுக்கு முன்னாடி காட்டணும்னு அவர் தவியாத் தவிக்கறார். ஆமா, டாக்டர் உங்களுக்கு எந்தத் தேதி குறிச்சிருக்காங்க?"

எட்டு மாத வயிற்றின்மேல் கையை வைத்தபடி இவள் நாற்காலியில் சாய்ந்தாள். கணவன் வாங்கிக்கொள்ள நீட்டிய கையில் ஃபோனைக் கொடுக்கவில்லை.

"அடுத்த மாசம் பதினெட்டுங்க" என்றாள். "இனிமே எந்தச் சந்தேகம்னாலும் அவர் கூப்பிட மாட்டார், நானே கூப்பிடறேன்."