எட்டாம் எண் சட்டை

சேற்றில் குப்புற விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.

நடுவர் விசில் ஊதினார். இரண்டு அணிப் பையன்களும் நின்ற நின்ற இடத்திலேயே ஒற்றை முழங்காலில் மண்டியிட்டார்கள். அடிபட்டவன் எழுந்திருக்கும் வரைக்கும் எங்கள் ஊரில் எவனும் எழுந்து நிற்கமாட்டான், வாயைத் திறக்கமாட்டான்.

விழுந்தது எட்டாம் எண். என் மகன் கோல்பி.

செப்டம்பரில்தான் அவனுக்குத் தலையில் அடிபட்டது. ஒரு வாரம் வெளிச்சம் பட்டாலே வாந்தி எடுத்தான். ஆறிவிட்டது, ஆனால் கொஞ்ச நாளைக்குள் இன்னொரு அடி விழுந்தால் விபரீதமாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவனோ பள்ளிக்கூடக் கால்பந்தில் இதுதான் கடைசி ஆட்டம் என்று மூன்று நாள் சாப்பிடாமல் அழிச்சாட்டியம் பண்ணினான். கடைசியில் விளையாடலாம் என்று பள்ளிக்கூடப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் நான்.

"நீதானே போட்ட, நீயே போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டு என் கணவர் ரஸ் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

பார்வையாளர் பலகைப் படிகளிலிருந்து இறங்கி ஓடப் போனேன். என்னோடு ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருந்த மார்லின் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். மூன்று பிள்ளைகளை இதே மைதானத்தில் விளையாடவிட்டு வளர்த்தவள் அவள்.

"உக்காருடி. கோச் கையக் காட்டிக் கூப்பிட்டாத்தான் அம்மாக்காரி போகணும். இப்ப நீ ஓடினா நாளைக்கு அவன் பள்ளிக்கூடத்துல தலை காட்ட முடியுமா?"

உட்கார்ந்தேன். கோச் கையைத் தூக்கிவிடக் கூடாதே, கர்த்தாவே, தூக்கிவிடக் கூடாதே.

இடைவேளையிலேயே போய் அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். நான் ஹாட் சாக்லேட் வரிசையில் நின்றேன். வரிசை நகரவே இல்லை. திரும்பி வந்தபோது ஆட்டம் மறுபடி ஆரம்பித்திருந்தது. அக்டோபர் கடைசியில், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் எங்கள் மெய்ன் மாநிலத்தில் மழை தனியாக வராது, பனியையும் கூட்டிக்கொண்டுதான் வரும். பையன்கள் எல்லோரும் ஒரே சேற்று நிறம். மைதானத்துக்கு எதிர்ப்பக்கம் எங்கள் அணி பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கோட்டு, தலையை மூடி.

ஆனால் பெற்றவளுக்குத் தெரியாதா? அந்த எட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். மார்லினிடம் அப்படியேதான் பீற்றிக்கொண்டேன். அரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஓடுடா கோல்பி! விடாதடா ராஜா!"

கத்தக் கத்த ஓடினான். அவன் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. ஒரு தடவை நின்று, என் பக்கம் திரும்பிக் கைகூட ஆட்டினான். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு வெளியிடத்தில் என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளாத பிள்ளை! என்றைக்கும் இல்லாத திருநாளாக இருக்கிறதே என்று பூரித்துப் போனேன்.

அந்தப் பிள்ளைதான் இப்போது அசையாமல் கிடந்தான்.

கோச் அவன் பக்கத்தில் குனிந்திருந்தார். ஒரு தடவை நிமிர்ந்து எங்கள் வரிசைகளைப் பார்த்தார். யாரையோ தேடினார். கையைத் தூக்கவில்லை. மறுபடி குனிந்துவிட்டார்.

என்னால் முடியவில்லை. மானம் போனால் போகட்டும். அத்தனை பேரும் வாயடைத்துக் கிடக்கும்போது எழுந்து நின்று கத்தினேன்.

"எந்திரிடா கண்ணா! அம்மா இங்கதான் இருக்கேன்!"

சேற்றிலிருந்து தலை நிமிர்ந்தது.

ஒரு கையை ஊன்றினான். அப்புறம் ஒரு முழங்கால். கோச் தோள் கொடுக்க, எழுந்து நின்றான். வயிற்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான், தலையை இல்லை. பந்து வயிற்றில் பட்டு மூச்சு அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மண்டியிட்டிருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மார்லின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதேன்.

"அம்மா."

திரும்பினேன். படியில் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தான் கோல்பி. முழங்கால் வரைக்கும் கோட்டு. முகத்தில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

"அது நான் இல்லம்மா. நீ பயந்து செத்துடுவேன்னுதான் மைதானத்தச் சுத்தி ஓடி வரேன். முதல் பாதியில தலையால ஒரு பந்த முட்டினேன், லேசா கிர்ருனுச்சு. எதுக்கு வம்புன்னு நானே கோச்கிட்ட சொல்லிட்டு உக்காந்துட்டேன். இப்ப ஒண்ணுமில்ல."

தானாகவே சொல்லியிருக்கிறான்! கையெழுத்துப் போட்டவளுக்கு இல்லாத புத்தி இவனுக்கு இருந்திருக்கிறது. கட்டிப்பிடித்தேன். முதுகில் நாலு போட்டேன். மறுபடி கட்டிப்பிடித்தேன்.

"பெத்தவளுக்குத் தெரியாதான்னியே!" என்றாள் மார்லின்.

"அப்ப அது யாருடா?"

"டேமன். மூணாம் நம்பர். சேறு ஒட்டி எட்டாயிடுச்சு."

டேமனைத் தெரியும். நாலு வருஷமாக எந்த ஆட்டத்துக்கும் அவனுக்கென்று ஒரு ஆள் வந்து இந்தப் பலகையில் உட்கார்ந்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் கோச்சின் வண்டியில் ஏறிப் போய்விடுவான்.

"அரை மணி நேரமா நீ அவனப் பாத்துதாம்மா கத்திட்டிருக்க."

"அடப்பாவி, முன்னாடியே வந்து சொல்றதுக்கென்ன?"

"சொல்லத்தான் கிளம்பினேன். வெளிய போன பந்த எடுக்க வந்த டேமன்கிட்ட, எங்கம்மா உன்னத்தான் நான்னு நெனச்சுக் கத்துதுன்னு சொன்னா, அவன்தான் போகவிடல."

கோல்பி என்னைப் பார்க்கவில்லை. மைதானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"'இன்னும் கொஞ்ச நேரம் கத்தட்டும்டா'ன்னான்."