வாயில் வராத பேர்

"பேரைச் சொல்லு தங்கச்சி. பேர் தெரியாம யாரைன்னு கூப்பிடுறது?"

காவல்காரர் ஜுனைதீன் அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். இராக்கம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தலைகீழாக நின்றாலும் கட்டின புருசன் பேர் அவள் வாயில் வருமா?

கொழும்புக் கோட்டையில், திரும்பின பக்கமெல்லாம் வங்கிகள் நிற்கும் தெருவில், இன்னொரு வங்கி எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குக் கல் சுமக்கத்தான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவன் இறங்கிப் போனான். அவளுக்கு இப்போது ஏழு மாதம். பிள்ளை பிறக்குமுன் அவனைக் கையோடு கூட்டிப்போக வேண்டுமென்று பண்டாரவளை வரை நடந்து, ரயிலேறி வந்திருக்கிறாள்.

அவனோ, கேட்டுக்கு உள்ளே தூணருகில் நிற்கிறான்! பின்னால் பாதிச் சுவர் சரிந்து கிடக்கிறது. மழை கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. தலை நிறையச் சுண்ணாம்புத் தூளோடு வெள்ளை வெளேரென்று அவளையே பார்க்கிறான். பாவி மனுசன், ஓர் எட்டு இங்கே வரக்கூடாதா? மேஸ்திரிக்குப் பயம் போலும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

"அந்தா, தூண்கிட்ட நிக்கிறாருங்க நானா" என்றாள், அண்ணன் முறை வைத்து.

ஜுனைதீன் திரும்பிப் பார்த்தார். "இந்த மழையில எனக்குத் தூணே சரியாத் தெரியல. பேரைச் சொல்லு."

"சொன்னா அவருக்கு ஆயுசு கொறையுமுங்க. எங்க தோட்டத்து லயத்துல குடியிருக்கிற பெரியாயிகூட, புருசன் செத்த அன்னைக்குத்தான் மொத மொதலா அவரு பேரைச் சொல்லி அழுதா."

ஜுனைதீன் பதுளைக் கடைவீதியில் வளர்ந்தவர். தோட்டத்துப் பெண்களின் வழக்கம் அவருக்குத் தெரியாததா? ஆனாலும் சிரிப்பு வரவில்லை.

"சரி, நான் சொல்றேன், நீ தலையை ஆட்டு. சிவஞானமா?"

"இல்லீங்க. காவல் சாமி பேருங்க."

"கருப்பசாமியா?"

"இல்லீங்க. ஆனா கிட்ட வந்துட்டீங்க!"

"மாடசாமியா?"

இராக்கம்மா வெட்கத்தோடு தலையை ஆட்டினாள். அப்பாடா, பேரும் சொல்லாமல் காரியமும் முடிந்தது!

ஜுனைதீன் சரிந்து கிடந்த சுவரின் பக்கம் பார்த்தார். "யா அல்லாஹ், அந்தச் செவருக்கு அடியில..." என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் தூணைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. பூட்டின கேட்டைத் தாண்டி, அவன் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"இனிமே நீ என் பேரச் சொல்லலாம் புள்ள."