மேனேஜருக்கு ஊசி

அவள் கையில் துண்டை எடுத்தாள் என்றால் போதும், வீட்டிலிருக்கும் மூன்று பூனைகளும் மூன்று திசையில் பறக்கும்.

ஒரு வாரம் தங்கிப்போகத் தம்பி வீட்டுக்கு வந்திருந்த அக்கா, முதல் நாளே இதைப் பார்த்துவிட்டாள். பார்த்ததை மனதுக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"என்னடா இது, உன் பொண்டாட்டியைக் கண்டா எமனைக் கண்ட மாதிரி ஓடுதுங்க?"

தம்பி சிரித்தான்.

மூன்றும் தெருவில் பிறந்து தெருவில் வளர்ந்த பூனைகள். தான் வேலை பார்க்கும் துணி ஆலையின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே கிடந்தவற்றைக் கூண்டு வைத்துப் பிடித்து வந்தவள் அவன் மனைவிதான். எப்போதும் தும்மிக்கொண்டிருப்பது தும்மல். வால் பாதியில் நின்றுபோனது அரைவால். எந்த வேலையும் செய்யாமல், நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரையும் முறைப்பது மேனேஜர்.

மேனேஜருக்குக் கிட்னி கெட்டிருந்தது. தினமும் ஒரு மாத்திரை. ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில் ஊசி குத்தி சலைன் ஏற்ற வேண்டும். பூனைக்கு மணி கட்டுவதே பெரிய பாடு என்பார்கள். அவள் மாத்திரையே கொடுத்துவிடுவாள். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துபோய்ப் பிடித்து, துண்டில் சுருட்டி, குளியலறைக்குள் தூக்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே மேனேஜர் போடும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும்; அதைக் கேட்டே மற்ற இரண்டும் ஒளிந்துகொள்ளும். கதவு திறந்ததும் அது பாய்ந்து வந்து அவன் மடியில் ஏறிக்கொள்ளும். அவன் மடியில் இருக்கும் பூனையை மட்டும் அவள் எதற்காகவும் தொடமாட்டாள்.

அவன் வேலை பார்த்த அச்சகம் மூடி இரண்டு வருஷம் ஆகிறது. அதிலிருந்து சமையல் அவன் பொறுப்பு. மேனேஜருக்கு ஊசி தொடங்கியதிலிருந்து பூனைகளுக்கு வேளா வேளைக்குத் தட்டு வைப்பதும் அவன்தான். அவன் சமையலறைப் பக்கம் நகர்ந்தால் மூன்றும் பின்னாலேயே ஊர்வலம் போகும். அச்சகம் மூடிய பிறகு அவனுக்கு வாய்த்த ஒரே பெருமை அதுதான்.

"வாயில்லா ஜீவனுக்குத் தெரியாதா, யார் நல்லவங்கன்னு" என்று அக்கா காலையில் ஒருமுறை சொன்னாள், மாலையில் ஒருமுறை சொன்னாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். தம்பி அம்மியைவிட லேசானவன். மூன்றாம் நாளே நம்ப ஆரம்பித்துவிட்டான்.

நான்காம் நாள் மேனேஜர் அவள் மணிக்கட்டைப் பிறாண்டிவிட்டது. ரத்தம் வந்தது. அக்காவுக்குப் பாவமாக இருந்தது பூனையைப் பார்த்துத்தான். சாகப்போகிற ஜீவனைக் குத்திக் குத்திச் சாகடிக்க வேண்டுமா, நிம்மதியாக விட்டுவிடச் சொல் என்றாள். சாப்பிடும்போது தம்பி அதையே மனைவியிடம் சொன்னான்.

அவள் காயத்தில் மருந்து தடவிக்கொண்டே, "ஊசியை நிறுத்தினா மேனேஜர் ரொம்ப நாள் தாங்காதுங்க" என்றாள்.

மறுநாள் பூனைக்குப் பரிசோதனை. வழக்கமாக அவள்தான் தூக்கிப்போவாள். அன்று ஆலையில் லீவு கிடைக்கவில்லை. நல்லதாகப் போயிற்று, டாக்டரம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்று கிளம்பினான். துணைக்கு அக்காவும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

டாக்டரம்மா மேனேஜரை எடைபோட்டார், ஈறைப் பார்த்தார், ரத்தம் எடுத்துச் சோதித்தார். கிட்னி அப்படியே நிற்கிறது, மோசமாகவில்லை, எடையும் நூறு கிராம் கூடியிருக்கிறது, இன்னும் ரெண்டு மூணு வருஷம்கூட இழுக்கலாம் என்று சந்தோஷப்பட்டார்.

அவன் வந்த விஷயத்தைச் சொன்னான். ஊசியை நிறுத்திவிடலாமா என்று கேட்டான். நிறுத்த முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் இங்கேயே தூக்கி வருகிறேன் என்றான்.

"எங்க வீட்ல அவளுக்கு இதுங்க மேல ஒட்டுதலே இல்ல டாக்டர். கடனேன்னு செய்யறா. அவளைக் கண்டாலே நடுங்குதுங்க."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு அவனை நிதானமாகப் பார்த்தார்.

"நடுங்கத்தான் செய்யும். வீட்ல ஒருத்தர் அப்படி இருக்கணும்னு நான்தான் சொன்னேன்."

பிறகு பொறுமையாக விளக்கினார். வீட்டில் பிறந்த பூனை மாதிரி இல்லை, தெருவில் வளர்ந்தது. ஊசி போடும் கையே சோறும் போட்டால், சோற்றையும் சந்தேகப்படும். கிட்னி கெட்ட பூனை ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தால் பிழைப்பது கஷ்டம். அதனால் வீட்டில் ஒருவர் அதற்கு வேண்டாதவராக ஆகித்தான் தீர வேண்டும், இன்னொருவர் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"ஆரம்பத்துல மேனேஜர் உங்க வீட்டம்மா தோள்ல உக்காந்துதான் இங்க வரும். வேற யார் கூப்பிட்டாலும் போகாது. அதனால ஊசியை உங்களைப் போடச் சொல்லுங்கன்னேன். அவங்கதான் கேக்கல."

அவனுக்குப் பூனைகள் வீட்டுக்கு வந்த முதல் மாதம் ஞாபகம் வந்தது. அவள் காலடியில் மூன்று பூனைகளும் சுருண்டு தூங்கும். தன்னை அவை திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

அக்காதான் கேட்டாள், இத்தனை நாளில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தி.

"அவ்வளவு பாசமா இருந்ததை விட்டுட்டு, அவ ஏன் ஊசியை எடுத்துக்கிட்டா?"

டாக்டரம்மா சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நானும் அதைத்தான் கேட்டேன். 'வேலை போனதிலேருந்து அவரைத் தேடி யாரும் வர்றதில்ல டாக்டர், இதுங்களாவது வரட்டும்'னாங்க."