நியூட்ரலில் இறங்கிய வண்டி

பிள்ளையார் கோயிலைச் சுற்றுவதுபோல மூன்று சுற்று வந்துவிட்டான் மாதேஷ். நான்காவது சுற்றுக்கும் கால் பரபரத்தது.

நடுவில் நிற்பது சாமி அல்ல, ஒரு பழைய வெள்ளைக் கார். ஏற்காட்டில் லாட்ஜ் வைத்திருக்கும் விஜயகுமார் அதை விற்கப் பார்க்கிறார். மாரமங்கலத்து ஜெப்சன் வாங்கப் பார்க்கிறான். இரண்டு பேருமே மாதேஷின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

லாட்ஜுக்கு வருவதற்கு முன் அது எஸ்டேட் வண்டி. ஏழு வருஷம் அதை ஓட்டியவன் மாதேஷ்.

ஒரு கீறல் விழாமல் மலையில் வண்டி ஓட்டுகிறவன் என்று பெயர் எடுத்தவன். அதற்காகவே வருஷா வருஷம் எஸ்டேட் பொங்கல் விழாவில் மேடையேற்றித் துண்டு போர்த்துகிறார்கள். அந்தப் பெயரை நம்பித்தான் விஜயகுமார் நாலு வருஷத்துக்கு முன் வண்டியை வாங்கினார். இப்போது அதே பெயரைச் சொல்லித்தான் விற்கவும் பார்க்கிறார்.

ஆனால் காலையில் ஜெப்சன் கூட்டிவந்த மெக்கானிக், பானெட்டைத் திறந்ததுமே உதட்டைப் பிதுக்கிவிட்டான். இடது பக்கத் தகடு மாற்றியது, உள்ளே வெல்டிங் பிற்பாடு வைத்தது, இது அடிபட்ட வண்டி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

விஜயகுமாருக்கு முகம் செத்துப்போனது. சந்தைக்கு வந்திருந்த மாதேஷைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார். அவன் மனைவி கலாவதியும் காய்ப் பையோடு பின்னால் வந்து கேட் ஓரம் நின்றுகொண்டாள்.

வேண்டாம் என்று உதறிவிட்டுப் போகிற நிலைமையில் ஜெப்சனும் இல்லை. அவன் மனைவி ஃபெபிக்கு எட்டு மாசம். மாரமங்கலத்திலிருந்து நினைத்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. அவன் கைக்கு எட்டுகிற விலையில் வேறு வண்டியும் இல்லை. அவளோ ஏற்கெனவே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சீட்டைப் பின்னால் தள்ளி நன்றாகச் சாய்ந்தும்விட்டாள்.

மாதேஷ் அந்தப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. டயரை உதைத்தான். வைப்பரைத் தூக்கிப் பார்த்தான். பளிச்சென்று இருந்த கண்ணாடியைத் துடைத்தான்.

"ஏனுங்ணா, அடிபட்டிருந்தாக்கூடப் பரவால்லீங்க. உயிர் போன வண்டியான்னு மட்டும் சொல்லிப்போடுங்க. அப்படின்னா எங்க ஊட்ல ஒருத்தரும் ஏற மாட்டாங்க," என்றான் ஜெப்சன்.

மலையில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். நசுங்கிய தகட்டை மாற்றிக்கொள்ளலாம். உயிர் போன வண்டிக்குப் பூஜை போட்டாலும் ஜெபம் பண்ணினாலும் வாங்க ஆள் வராது.



அடிபட்டது உண்மை. கொண்டுபோய் அடித்தவனே மாதேஷ்தான். மேனேஜர் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில், யாரிடமும் கேட்காமல், சொந்த வேலையாக வண்டியைச் சேலத்துக்கு எடுத்துப் போனான். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டரோ டீசல் டேங்கில் குச்சி விட்டுப் பார்க்கிற ஆள். ஏறும்போது வண்டி குடிப்பதை இறங்கும்போதே மிச்சம் பிடித்துவிடலாம் என்று, இஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டான். மலையில் பல டிரைவர்கள் செய்கிற காரியம்தான். இஞ்சின் நின்றால் பிரேக் கல்லாகிவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் அவன் கால் அந்தக் கல்லைத்தான் மிதித்தது. வண்டியின் இடது பக்கம் தடுப்புச் சுவரில் போய் மோதியது.

மேனேஜர் திரும்புவதற்குள் டிங்கரிங் முடித்து, பெயின்ட் அடித்து, ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். அந்த வருஷப் பொங்கலுக்கும் துண்டு வாங்கினான்.

இன்றைக்கு வாயைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் செய்தி எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வேலை போகும். திறக்காவிட்டால் இந்தப் பெண் இதே வண்டியில் மலை இறங்குவாள். இறக்கத்தில் பிரேக் போட்டால் அது இன்னமும் இடது பக்கம்தான் இழுக்கும். டவுனுக்குள்ளேயே ஓட்டிய விஜயகுமாருக்கு அது தெரியாது.

பயமாகத்தான் இருந்தது. பாதியையாவது சொல்லிவிடலாம் என்று துணிந்தான்.

"சின்ன உரசல்தானுங்க தம்பி. ஒம்பதாவது வளைவுல, சுவத்துல. நாந்தான் ஓட்டுனேன். பிரேக்கை மட்டும் நல்ல ஆளுகிட்டக் காட்டிக்குங்க."

வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. விஜயகுமார் திட்டக்கூட இல்லை. ஜெப்சன் முகத்தில் தெளிச்சி வந்தது. சுவர்தானே என்று அவன் தனக்குள் சொல்லிக்கொள்வது தெரிந்தது.

"உயிருக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்க," என்றான் மாதேஷ், தரையைப் பார்த்து.

கலாவதி காய்ப் பையைக் கீழே வைத்தாள்.

ஐந்து வருஷமாக, கேட்டவர்களுக்கெல்லாம் கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றே சொல்லி வந்தவள் அவள். அதை ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை. அவனிடம்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை.

புருஷனைத் தாண்டி நடந்துபோய் வண்டியின் இடது கதவைத் திறந்தாள். ஃபெபி எழுந்திருக்கத் தோதாகக் கையை நீட்டினாள்.

"எறங்கிக்க கண்ணு. நானும் இந்தச் சீட்டுலதான் உக்காந்திருந்தேன். ஸ்கேன் பாக்கப் போனோம். அப்ப எனக்கு ஆறு மாசம்."